நாகம்மா எடுக்காத முட்டை

பன்னிரண்டாவது முடிந்தது. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் சேரப் போகிறேன் என்றேன். எங்கப்பா கண்ணுசாமி எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். பெரிய முடிவென்றால் அப்படித்தான் கட்டுவார்.

"நான் சொல்லல. நாகம்மா சொல்லட்டும். வெள்ளிக்கிழமை தோட்டத்துப் புத்துல முட்டை வைப்போம். விடிஞ்சு பாக்கையில தாயி எடுத்துருந்தா இவ ஐ.டி.ஐ. போகட்டும். எடுக்கலைன்னா நெய்க்காரப்பட்டி எங்கக்கா மகன் சிவபிரகாஷுக்குப் பேசி முடிச்சிருவோம்."

"சரிங்க" என்றாள் அம்மா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆடி மாதம் எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது. வெள்ளிதோறும் அம்மா புற்றுக்கு மஞ்சள் பூசி, பால் ஊற்றி, முட்டை வைத்துவிட்டு வருவாள். சனிக்கிழமை விடிந்ததும் முருங்கைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிற அப்பா, அதை உடைத்து வாயில் ஊற்றிக்கொள்வார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "தாயி எடுத்துட்டா புவனா!" என்று கன்னத்தில் வேறு போட்டுக்கொள்வார். நானே பார்த்திருக்கிறேன். இந்த வாரம் அவர் வாயைக் கட்டினாலே போதும், நான் நெய்க்காரப்பட்டி.

"ஏம்மா, முட்டைய எடுக்கறதே அப்பாதாம்மா!"

"தெரியும். வாயக்கூடக் கழுவாமத்தான வாராரு."

"பெறகு எதுக்குச் சரின்ன?"

"சும்மா கெட. பக்கத்துத் தோட்டத்துக் கருப்பம்மா அக்காவக் காலைல புத்துக்கு வரச் சொல்லு."

சனிக்கிழமை. வைத்த முட்டை வைத்தபடியே இருந்தது. அப்பா முகத்தில் கல்யாணக் களை.

"பாத்தியா? தாயி வேணாம்னுட்டா!"

அம்மா நெஞ்சில் கை வைத்தாள். "அக்கா, வாராவாரம் எடுத்தவ இன்னைக்கி ஏன் எடுக்கல?"

புற்று விஷயத்தில் கருப்பம்மா பெரியம்மா சொன்னால் எங்கள் ஊரில் மறுபேச்சு இல்லை. "கோவமா இருக்கா ஆத்தா. அடுத்த ஆடி வரைக்கும் கல்யாணப் பேச்சே எடுக்கக் கூடாது. மீறி எடுத்தா மொத அடி மாப்பிள்ளைக்குத்தான். வீட்டு ஆம்பளயும் அதுவரைக்கும் கவிச்சி தொடாம வெரதம் இருக்கணும்."

"அடுத்த ஆடி வரைக்குமா? முட்டை கூடவா?" அப்பா குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"மொதல்ல முட்டைதான் கண்ணுசாமி."

இத்தனை வாரம் எடுத்தது நான்தான் என்று அப்பா சொல்லிவிடலாம். ஆனால் கருப்பம்மா பெரியம்மா காதில் விழுந்தால் எரியோடு ஊர்ச் சந்தை வரைக்கும் போய்விடும். அப்பா முட்டையைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். மறுபடி முட்டையைப் பார்த்தார்.

"செத்த நேரம் பொறுங்க. இம்புட்டு ஆளுக நின்னா தாயி எப்பிடி வருவா? எல்லாரும் மோட்டார் ரூம் பக்கம் போங்க."

போனோம். போய்ச் சேரக்கூட இல்லை.

"எடுத்துட்டா! எடுத்துட்டா!" அப்பா ஓடி வந்தார். "மதி ஐ.டி.ஐ. போகட்டும். தாயி உத்தரவுன்னு எங்கக்காட்ட நானே சொல்லிக்கிறேன்."

புற்றுக்கு முன்னால் விழுந்து கும்பிட்டேன். நடிப்பில்லை, மனசாரத்தான். நாகம்மாவுக்கு ஒரு கும்பிடு. அம்மாவுக்குப் பெரிய கும்பிடு. அப்பாவுக்கும் ஒன்று. எப்படியோ, சொன்ன வாக்கை மாற்றவில்லையே மனுசன்.

பெரியம்மா அந்தப் பக்கம் போனதும், அம்மா முந்தானையால் அப்பா மீசையைத் துடைத்துவிட்டாள்.

"ஆடி முடியட்டுங்க, அவிச்சே தாரேன். பச்சையாக் குடிச்சாத் தொண்டை கட்டும்."