இரும்பையே இளைக்க வைத்த அலைச்சாமி

விடிந்ததும் விடியாததுமாகக் கப்பலின் மேல்தளத்தில் வரிசை நின்றது. சாப்பாட்டுக்கு நிற்கிற வரிசை அல்ல. நேற்றுத் தின்றதெல்லாம் உடம்பில் ஒட்டாமல் கடலில் கரைந்து போவதற்காக நிற்கிற வரிசை. படித்தவர்கள், பட்டம் வாங்கியவர்கள், ஊருக்கெல்லாம் புத்தி சொன்னவர்கள், எல்லாரும் இடுப்பில் நீலக் கயிற்றோடு பயபக்தியாக நின்றார்கள். வரிசையின் முனையில் அலைச்சாமி உட்கார்ந்திருந்தார்.

அலைச்சாமி என்பது பயணிகளாக வைத்த பெயர். "நான் சாமியெல்லாம் இல்லீங்க, கடலுக்கு வேலைக்காரன்" என்று அவர் அடக்கமாகத்தான் சொல்வார். சொல்லிவிட்டு, விழுபவர்களுக்கு வசதியாகக் காலை மட்டும் கொஞ்சம் முன்னால் நீட்டி வைப்பார். வெள்ளைக் கால்சட்டை, தோளில் நீலச் சால்வை, சீவிவிட்ட தாடி. பக்கத்தில் எடை பார்க்கும் மிஷின். பெரிய வட்ட முகமும் அதில் ஒரு சிவப்பு முள்ளுமாக இருக்கும் பழைய காலத்து மிஷின். அந்த வட்ட முகத்தை ஒரு நீலப் பட்டுத்துணி மூடியிருக்கும். ஆள் ஏறி நின்ற பிறகுதான் சாமியின் சிஷ்யை ஒருத்தி துணியை விலக்குவாள். உடனே கூட்டம் "ஆகா!" என்று வாயைப் பிளக்கும்.

"தரையில சாப்பிட்டா கொழுப்பு உடம்புலயே தங்கிடும். ஏன்? கீழ பூமி கெட்டி. அது போறதுக்கு வழியில்ல" என்று சாமி விளக்குவார். "இங்க கீழ தண்ணி. இந்தக் கயிறு இடுப்புல இருந்தா போதும், கொழுப்பு கால் வழியா இறங்கி, கப்பல் வழியா இறங்கி, கடல்ல போய்ச் சேந்துடும். நீங்க நல்லா சாப்பிடுங்க. மனசு கனத்தாத்தான் உடம்பு கனக்கும்."

அந்தக் கப்பலிலோ அடுப்பு அணைவதே இல்லை. காலையில் முட்டையும் வெண்ணெய் ரொட்டியும் முடிவதற்குள் பதினொரு மணி கேக் வந்துவிடும். கேக் இறங்குவதற்குள் மதியம் இறாலும் கோழியும். பிறகு ஐஸ்கிரீம், அதற்குப் பிறகு இராத்திரி விருந்து. டிக்கெட்டிலேயே எல்லாம் அடக்கம் என்பதால், சாப்பிடாமல் விட்டால் சொத்து பறிபோகிற மாதிரி ஜனங்களுக்கு ஒரு பதைப்பு. இப்படிப்பட்ட இடத்தில் "சாப்பிடு, இளைப்பாய்" என்று ஒருவர் சொன்னால் கூட்டம் சேராமல் என்ன செய்யும்? "வாயைக் கட்டு" என்று சொல்லும் டாக்டருக்கு எந்தக் காலத்தில் யார் கை தட்டியிருக்கிறார்கள்?

வரிசைக்கு வெளியே, கம்பியைப் பிடித்தபடி நின்ற கடைக்காரம்மாளுக்கு இதையெல்லாம் பார்க்கப் பார்க்கக் கவலை ஏறியது. வரிசையில் முன்னாலேயே இடம்பிடித்து, கைத்தடியில் சாய்ந்துகொண்டு நின்றவர் அவளுடைய வீட்டுக்காரர்.

அவர் பழைய இரும்புக் கடைக்காரர். வாழ்நாளெல்லாம் ஓட்டைத் தகரத்தையும் உடைந்த சைக்கிளையும் எடை போட்டு வாங்கிச் சம்பாதித்தவர். தூக்கித் தூக்கி முழங்கால் மூட்டு இரண்டும் தேய்ந்துவிட்டது. குளியலறைக்குப் போய்வருவதற்குள் அவர் பல்லைக் கடிப்பது அவளுக்குத்தான் கேட்கும். ஊர் திரும்பியதும் ஆபரேஷன். அதற்கு முன்னால் கொஞ்சம் சந்தோஷமாக இருக்கட்டும் என்று மகள்தான் கப்பலில் ஏற்றிவிட்டாள்.

கப்பல் ஏறும் முன்பே டாக்டர் சொல்லிவிட்டார். "கப்பலுக்குப் போகாதீங்கன்னு சொல்லல. ஆனா இப்ப இருக்கிற எடையோட திரும்பி வரணும். எடையை ஏத்திட்டு வந்தீங்கன்னா நான் கத்தியைத் தொட மாட்டேன். அப்புறம் அடுத்த தேதி எப்பன்னு என்னைக் கேக்கக் கூடாது."

கடைக்காரம்மாளுக்கு வேறு ஆசை எதுவும் இல்லை. அவர் தடியில்லாமல் நடக்க வேண்டும், அவரோடு பேசிக்கொண்டே மார்க்கெட்டுக்குப் போய்வர வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் மனுஷர் ஒழுங்காகத்தான் இருந்தார். சூப், பச்சைக் காய்கறி, ஒரு ஆப்பிள். கெடுத்தது பக்கத்து மேஜைக்காரி, ரிட்டயரான தலைமையாசிரியை. கப்பலே அவளை டீச்சரம்மா என்றுதான் கூப்பிட்டது. "என்ன சார், ஆடு மாதிரி இலையைக் கடிச்சிட்டிருக்கீங்க? கயிறு கட்டிக்கோங்க. நான் ஒரு நாளைக்கு மூணு கேக் சாப்பிடறேன், மிஷின் குறைச்சுத்தான் காட்டுது" என்றாள். அன்று சாயங்காலமே, சாமியிடம் காசு கொடுத்து வாங்கிய நீலக் கயிறு இரும்புக் கடைக்காரர் இடுப்பில் ஏறியது. மறுநாள் காலை அவர் தட்டில் கோபுரம் எழும்பியது.

இப்போது அவர் முறை வந்தது. சாமியின் காலைத் தொட்டுவிட்டு, முனகிக்கொண்டே மிஷினில் ஏறினார். சிஷ்யை துணியை விலக்கினாள்.

"பாத்தியாம்மா!" கடைக்காரர் மனைவியைப் பார்த்துக் கூவினார். "நேத்தைவிடக் குறைஞ்சிருக்கு! டாக்டர் பாத்தா அசந்துபோயிடுவார்!"

கூட்டம் கைதட்டியது. அந்தச் சந்தோஷத்தில் அவர் மூச்சை நன்றாக இழுத்துவிட்டார். டப்பென்று சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்து டீச்சரம்மாவின் காலடியில் போய் விழுந்தது.

ஒரு விநாடி எல்லாரும் அந்தப் பொத்தானைப் பார்த்தார்கள்.

"உப்புக் காத்து" என்றார் அலைச்சாமி, கண்ணைத் திறக்காமலே. "உடம்பு சுருங்குற வேகத்தைவிடத் துணி சுருங்குற வேகம் ஜாஸ்தி."

"ஆமாமா! எனக்கும் எல்லாம் டைட்டாயிடுச்சு!" என்றாள் டீச்சரம்மா. ஆளாளுக்குத் தங்கள் துணி சுருங்கிய கதையைச் சொல்லி மகிழ்ந்தார்கள். ஆயிரம் பிள்ளைகளுக்கு அறிவியல் நடத்தின வாய்தான் அது. பாடம் நடத்துவது வேறு, அதை நம்புவது வேறு போலிருக்கிறது.

அறைக்குத் திரும்பியதும் கடைக்காரம்மாள் கேட்டாள். "ஏங்க, உப்புக் காத்து என் ரவிக்கை மேல மட்டும் ஏன் வீசல?"

"உனக்கு நம்பிக்கை இல்ல, அதான்."

"நம்பிக்கை இருந்தாத்தான் துணி சுருங்குமா?"

"எதையாவது எடக்கா பேசாத. மிஷின் பொய் சொல்லுமா?"

கேட்டது யார்? எடை மிஷினோடு குடித்தனம் நடத்தியவர். அவள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். கடையிலும் இதே மாதிரி முள் வைத்த தராசுதான், அதன் முகத்தில் எப்போதும் ஒரு துண்டு தொங்கும். அது எதற்கென்று கல்யாணமான புதிதில் அவள் கேட்டபோது, "தூசிம்மா" என்று சொல்லியிருந்தார். அந்தத் துண்டும் இந்தப் பட்டுத்துணியும் அவள் மனதில் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. ஆனால் வாய்ப்பேச்சுக்கு மசிகிற ஆள் இல்லை அவர். எதையும் கையால் தொட்டுப் பார்த்தால்தான் ஒத்துக்கொள்வார். அதனால் அவள் பேச்சை வளர்க்காமல், காற்று வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

கப்பலிலேயே ஆள் நடமாட்டம் இல்லாத இடம் ஒன்று உண்டு என்றால் அது உடற்பயிற்சிக் கூடம்தான். கயிறு வந்த பிறகு அங்கே ஈ காக்கை நுழைவதில்லை. பயிற்சி சொல்லித்தரும் பெண் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். கடைக்காரம்மாளைப் பார்த்ததும் அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"வாங்கம்மா! நடக்கணுமா, சைக்கிள் ஓட்டணுமா?"

"ரெண்டும் வேணாம்மா. அந்த இரும்புக் குண்டு ஒண்ணு கடனாக் கிடைக்குமா? நாளைக் காலையில திருப்பிக் கொடுத்துடறேன்."

"எதுக்கும்மா?"

"அதுக்குக் கொஞ்சம் சாமி தரிசனம் பண்ணி வைக்கலாம்னு."

பயிற்சிப் பெண் ஒரு விநாடி விழித்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். இருபது கிலோ என்று பக்கவாட்டில் பொறித்த தம்புள்ஸ் ஒன்றை அவளே தூக்கி வந்து துணிப்பையில் போட்டாள். மறுநாள் பையைச் சுமந்துகொண்டு மேல்தளத்துக்கும் வந்தாள். இந்த வேடிக்கையை விட அவளுக்கு மனமில்லை.

மறுநாள் கூட்டம் இன்னும் அதிகம். கடைக்காரர் எடை பார்த்து, இன்னும் இளைத்து, சாமியின் காலைத் தொட்டு நிமிர்ந்தார். அப்போது கடைக்காரம்மாள் முன்னால் வந்தாள்.

"வாங்கம்மா வாங்க! கடைசியில உங்களுக்கும் ஞானம் வந்துடுச்சா?" என்றாள் டீச்சரம்மா.

"எனக்கு வேணாம் டீச்சர். இதுக்குப் பாக்கணும்." கடைக்காரம்மாள் பையைத் திறந்து காட்டினாள். "சாமி, இது சாப்பிடாது. கயிறு கட்டாது. உங்க மேல நம்பிக்கையும் கிடையாது. இது இளைக்குதா இல்லையான்னு பாத்துடுவோம்."

அலைச்சாமியின் கண் சட்டென்று திறந்தது. "இது உயிருள்ள ஜீவன்களுக்கான மிஷின்மா. இரும்பை வச்சா புனிதம் கெட்டுப்போகும்."

"மிஷினே இரும்புதானே சாமி?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "வச்சுத்தான் பாக்கட்டுமே, என்ன கெட்டுப்போச்சு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"நீ என் மானத்தை வாங்கணும்னே கிளம்பிட்டியா?" கடைக்காரர் முகம் சிவந்து பையைப் பிடுங்கினார். பிடுங்கியவர் அப்படியே நின்றார். அவர் கை இரும்பைத் தொட்டுவிட்டது. தொட்டதும் பழைய பழக்கம் தானாக வந்தது. ஒருமுறை தூக்கி இறக்கிப் பார்த்தார்.

"இருபது" என்றார்.

"இருபதுன்னு அதுலயே எழுதியிருக்கு. மிஷின் என்ன சொல்லுதுன்னு பாருங்க."

அவர் அதை மிஷின்மேல் வைத்தார். சிஷ்யைக்குக் கை வரவில்லை. பயிற்சிப் பெண்தான் துணியை விலக்கினாள். முள் பதினைந்தில் நின்றது.

யாரும் "ஆகா" என்று சொல்லவில்லை.

"அடடா, இரும்பு ஒரே ராத்திரியில அஞ்சு கிலோ இளைச்சுடுச்சே!" என்றாள் கடைக்காரம்மாள். "பாவம், பட்டினி கிடந்திருக்கும்."

அலைச்சாமி லேசுப்பட்டவர் அல்ல. எழுந்து நின்று கையை உயர்த்தினார். "இதுதான் கடலோட மகிமை! அலை எல்லாத்தையும் தாங்குது. கடல்ல இரும்புகூட இலேசாயிடும்!"

டீச்சரம்மா கைதட்ட ஆரம்பித்தாள். இரண்டாவது தட்டுக்குள் கடைக்காரம்மாள் கேட்டுவிட்டாள்.

"அப்ப எல்லாரும் சும்மா நின்னாலே இளைக்கணுமே சாமி. கயிறு எதுக்கு வித்தீங்க?"

டீச்சரம்மாவின் இரண்டு கைகளும் பாதி வழியிலேயே நின்றன. சாமிக்குத் தாடிக்குள் வேர்த்தது.

இதற்குள் கடைக்காரர் தம்புள்ஸைக் கீழே இறக்கி வைத்திருந்தார். மிஷின்மேல் இப்போது ஒன்றுமே இல்லை. முள் பூஜ்யத்துக்கு வரவில்லை. பூஜ்யத்தைத் தாண்டி, அதற்குக் கீழே வெட்கமில்லாமல் படுத்துக் கிடந்தது. அவர் தடியைப் போட்டுவிட்டு, முட்டி வலியையும் மறந்து குனிந்தார். கையை மிஷினின் அடிப்பக்கம் விட்டார். யாரும் காட்டிக்கொடுக்காமலே அங்கிருந்த சின்னத் திருகு அவர் விரலுக்கு அகப்பட்டது. ஒரு திருகு திருகினார். முள் ஏறியது. மறுபடி திருகினார். பூஜ்யத்தில் வந்து நின்றது.

"அடப்பாவி!" என்று அலறினார் கடைக்காரர். "தினமும் கொஞ்சம் திருகினா தினமும் இளைக்குமா? இது நான் பண்ற வேலைடா! இத்தனை வருஷம் கடையில இதே திருகு, இதே துணி! என்கிட்டயேவாடா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"தூசின்னு சொன்னீங்க" என்றாள் அவள்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஆனால் கடைக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. சரிசெய்த மிஷினில் ஏறி நின்றார். முள் கப்பல் ஏறிய நாளின் எடையைத் தாண்டிப் போய் நின்றது. அவர் முகம் வாடிவிட்டது. "தேதி போச்சாம்மா?" என்று சின்னக் குரலில் கேட்டார். அந்தக் குரலைக் கேட்டு அவளுக்குக் கோபமெல்லாம் போய்விட்டது.

"இன்னும் பாதிப் பயணம் இருக்கு. வாங்க, பாத்துக்கலாம்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பயிற்சிப் பெண் அவரை நீச்சல் குளத்தில் இறக்கி, இடுப்பளவு தண்ணீரில் நடக்க வைத்தாள். தண்ணீரில் மூட்டு வலிக்கவில்லை. கேக் மேஜை இருந்த பக்கம் முதுகு காட்டி அவரை உட்கார வைக்கும் வேலையை மனைவி எடுத்துக்கொண்டாள். அலைச்சாமி அடுத்த துறைமுகத்தில் தாடியோடு இறங்கி, எந்தப் பக்கம் போனார் என்று தெரியாமல் போனார். எல்லாரும் தெளிந்துவிட்டார்கள் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். "மிஷின்தான் மோசம், சாமி நல்லவர்" என்று சொல்லிக் கடைசி நாள்வரை கயிற்றைக் கழற்றாத ஒரு கோஷ்டி இருந்தது. அதற்குத் தலைமை தாங்கியது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. துணி அவர்களுக்குக் கடைசிவரை சுருங்கிக்கொண்டேதான் வந்தது.

ஊர் வந்ததும் நேராக ஆஸ்பத்திரி. எடை மிஷினைக் காட்டி "ஏறுங்க" என்றார் டாக்டர். கடைக்காரர் ஏறவில்லை. முதலில் குனிந்து, முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்தார்.

"என்ன பாக்கறீங்க?"

"தூசி இருக்கான்னு பாத்தேன் டாக்டர்" என்று சொல்லிவிட்டு ஏறினார். முள் ஆடி, ஆடி, பழைய எடையில் வந்து நின்றது. டாக்டர் தலையாட்டினார். கடைக்காரம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆபரேஷன் முடிந்து, தடியில்லாமல் கடைக்கு நடந்துபோன அன்று அவர் செய்த முதல் வேலை, தராசின் முகத்தில் தொங்கிய துண்டை எடுத்துக் குப்பையில் போட்டதுதான்.

காலில் விழத்தான் எல்லாரும் குனிகிறோமே, குனிந்தது குனிந்தோம், அப்படியே அந்தத் துணியைக் கொஞ்சம் தூக்கி முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு எழுந்தால் என்ன? தொப்பை தடுக்கிறது, குனிய முடியவில்லை என்றால், கயிறு வேலை செய்யவில்லை என்பது அப்போதே தெரிந்துபோகுமே!