முட்டைக்கு இடம் போதவில்லை

பெட்டிக்காரர் காலை பத்தரை மணிக்குத் திரையைப் பார்த்தபோது டிஸ்க் தொண்ணூற்றாறு சதவீதம் நிரம்பியிருந்தது. அதே திரையின் இன்னொரு மூலையில், நாரையின் கூட்டில், முட்டையின் மேல் மயிரிழை போல ஒரு கோடு ஓடியிருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்ததும் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மிருகக்காட்சிசாலையின் சர்வர் பெட்டிகளைப் பார்த்துக்கொள்வதால் அவருக்கு அந்தப் பெயர். அந்த நாரை இனத்தில் மொத்தமே நானூறு பறவைகள்தான் மிச்சம். அதனால் கூட்டில் கேமரா வைத்து, முப்பத்தோரு நாளாகப் பதிவு ஓடுகிறது. ஊர் உலகமெல்லாம் இரண்டு லட்சம் பேர் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அந்த முட்டையைப் பார்க்கிறார்கள். முட்டை என்ன செய்கிறது? ஒன்றும் செய்யவில்லை. அதைத்தான் பார்க்கிறார்கள்.

போன் அடித்தது. மகள்.

"அப்பா! கோடு விழுந்திருச்சுப்பா! எங்க கிளாஸே பாக்குது. டீச்சர் கணக்குப் பாடத்தையே நிறுத்திட்டாங்க!"

"நானும் பாத்துட்டேன்டா கண்ணு."

"ஆமைக்குப் பண்ணின மாதிரி பண்ணிடாதப்பா. எல்லார்கிட்டயும் எங்கப்பா மெஷின்தான்னு சொல்லி வெச்சிருக்கேன்."

போன வருஷம் ஆமை முட்டை பொரித்த அன்று டிஸ்க் நிரம்பிப் பதிவு நின்றுவிட்டது. ஒரு காட்சியில் முட்டை இருக்கும். அடுத்த காட்சியில் ஆமைக்குட்டி கீரை தின்னும். மகள் பத்து நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இந்தத் தடவையும் கோட்டை விட்டால் பெற்ற மகளிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது?

"என்ன சார், ரெடியா?" என்று இயக்குநர் மேடம் உள்ளே வந்தார். பதினைந்து நாளைக்கு முன்புதான் போக்குவரத்துத் துறையிலிருந்து மாற்றலாகி வந்தவர்.

"மேடம், டிஸ்க் நிரம்பப்போகுது. இன்னும் நாப்பது நிமிஷம் தாங்கும். பெருசாக்கணும்."

"நிறுத்திட்டா?"

"நிறுத்தினா அந்த நேரம் பாத்துக் குஞ்சு வெளிய வந்துடும் மேடம். ஓடஓடத்தான் பண்ணணும்."

"ஓடற பஸ்ஸுக்குச் சக்கரம் மாத்தற மாதிரியா!" மேடத்துக்கு மெய் சிலிர்த்துவிட்டது. "பண்ணுங்க, பண்ணுங்க. ஆனா பழசு ஒரு நொடிகூட அழியக் கூடாது."

முதலில் கொஞ்சம் மூச்சு விட இடம் வேண்டுமென்று பெட்டிக்காரர், சர்வர் தன் நடவடிக்கைகளைக் குறித்துவைக்கிற, யாருக்கும் வேண்டாத ஒரு பெரிய லாக் ஃபைலைத் தூக்கிப்போட்டார். எண் அசையவில்லை. ஓடிக்கொண்டிருந்த புரோகிராம் அந்த ஃபைலை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. பேர் போய்விட்டது, இடம் காலியாகவில்லை.

"எதுக்கும் ஒரு நகல் எடுத்துக்குங்க சார்" என்றார் மேடம்.

நல்ல யோசனைதான். பதற்றத்தில் பெட்டிக்காரர் நகலை அதே டிஸ்க்கில் எடுக்கத் தொடங்கினார். தொண்ணூற்றேழு. தொண்ணூற்றெட்டு. ஐயையோ என்று அவர் பாய்ந்து நிறுத்துவதற்குள் தொண்ணூற்றொன்பது. பாதி நகலை அழித்ததில் ஒரே ஒரு எண் இறங்கியது.

இதற்குள் நாரை எழுந்து நின்றதில் முட்டை லேசாக ஆடியது. நாரை தன் நீண்ட அலகால் அதை ஒரு புரட்டு புரட்டிவிட்டு, தலையைச் சாய்த்துப் பார்த்தது. கோடு இரண்டாகக் கிளைத்திருந்தது. பெட்டிக்காரருக்கு விரல்கள் அப்படியே நின்றுவிட்டன. இந்தச் சின்ன ஓட்டுக்குள்ளே ஒரு உயிர் உட்கார்ந்துகொண்டு, வெளியே என்ன இருக்கிறது என்றே தெரியாமல் முட்டிக்கொண்டிருக்கிறதே! தன் மகள் பிறந்த அன்று வெளித் தாழ்வாரத்தில் நின்ற மாதிரியே அவருக்கு இருந்தது.

"சார்!"

"இதோ மேடம்."

அலமாரியிலிருந்து புது டிஸ்க்கை எடுத்துச் செருகினார். பெட்டி அதைக் கண்டுகொண்டது. பழைய இடத்தோடு புது இடத்தைச் சேர்க்கிற கமாண்டைத் தட்டினார். 'வெற்றி' என்று வந்தது.

"சேந்துருச்சு மேடம்!"

அவ்வளவுதான். மேடம் போனை எடுத்து, கேமரா அறைக்குச் சொல்லிவிட்டார்: "இடம் நெறைய வந்துருச்சாம். படத்தை உச்சத் தரத்துல வைங்க. ஒவ்வொரு இறகும் தெரியணும்!"

பெட்டிக்காரர் திரும்பி எண்ணைப் பார்த்தார். தொண்ணூற்றொன்பது.

"என்ன சார், சேந்துருச்சுன்னீங்க?"

"பக்கத்து மனையை வாங்கி வேலியையும் தள்ளிப் போட்டாச்சு மேடம். வீட்டுக்குள்ள இருக்கறவங்களுக்கு இன்னும் தெரியலை. ஃபைல் சிஸ்டத்தைத் தனியா விரிக்கணும். நீங்க வேற தரத்தை ஏத்திட்டீங்க. இருபது நிமிஷம் இருந்தது, இப்ப மூணுதான்."

"இறக்கச் சொல்லட்டுமா?"

"மாத்தினா பதிவு ஒரு தடவை அறுந்து ஒட்டும். வேண்டாம்."

கடைசிக் கமாண்டு. ஒரே வரி. ஓர் எழுத்து தப்பினாலும் முப்பத்தோரு நாளும் போச்சு. மூன்று தடவை வாய்விட்டுப் படித்தார். மேடமும் கூடவே படித்தார், ஒன்றும் புரியாமலே. இரண்டு கோடும் ஒன்றையொன்று தொடப்போவதைத் திரையில் பார்த்துக்கொண்டே விசையைத் தட்டினார்.

ஒன்றுமே நடக்கவில்லை. பெட்டியின் விளக்குகள் மட்டும் படபடவென்று மின்னின.

பிறகு எண் மாறியது. நாற்பத்தொன்று.

பதிவில் ஒரு நொடிகூட அறுபடவில்லை. நாரை கண் சிமிட்டியது, இறகைக் கோதியது. தன் காலடியில் ஒரு பூமியே விரிந்தது அதற்குத் தெரியவில்லை. இருபது வருஷமாக இதே தொழில் செய்கிறவர்தான், ஆனாலும் பெட்டிக்காரர் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனுஷன் என்னென்ன கண்டுபிடித்து வைத்திருக்கிறான்! அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மேடம் கைகூப்பியே விட்டார்.

மகள் மறுபடி கூப்பிட்டாள். போனில் அவள் வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது கேட்டது. "அப்பா, நீ சூப்பர்ப்பா" என்று அவள் கிசுகிசுத்தாள். முட்டையில் கோடுகள் வலை போலப் பரவின. ஓரத்தில் ஒரு சின்னச் சில்லு நிமிர்ந்தது.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு, கையில் ஒரு சின்ன டப்பாவும் தூரிகையுமாகப் பறவைப் பிரிவு ஊழியரம்மா எட்டிப் பார்த்தார்.

"மேடம், கேமராவை அஞ்சு நிமிஷம் நிறுத்தச் சொல்லுங்க, கூட்டுல வெச்சிருக்கற மர முட்டையில பெயிண்ட் உரியுது. நாளைக்குக் குஞ்சைக் கொண்டுபோய் விடற வரைக்கும் தாய்க்குச் சந்தேகம் வரக் கூடாது பாருங்க. நிஜ முட்டை எங்க ரூம் அடைகாக்கற பெட்டியில காலைல ஏழு மணிக்கே பொரிஞ்சிருச்சு."