தாயைக் காட்டு மாமாவும் இரண்டு பசு விலைக் காளையும்

பசுக்களோடு சேர்க்கிற பொலிகாளைக்கு என்ன விலை கொடுக்கலாம் என்று சொல்ல இந்த மலைநாட்டில் ஒரே ஒரு மனிதருக்குத்தான் யோக்கியதை உண்டு. அவரிடம் ஒரு மாடுகூடக் கிடையாது. ஒரு கன்றுக்குட்டிகூட அவர் பெயரில் இருந்ததில்லை. தேயிலைத் தோட்டத்தில் செடிகளைக் கவ்வாத்து வெட்டி ஓய்வு பெற்ற மனிதர், தனிக்கட்டை. "இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கீங்க, ஒரு மாடு வாங்கிக் கட்டக் கூடாதா மாமா?" என்று ஒருநாள் கேட்டேன். "கட்டுனா பாசம் வந்துரும். பாசம் வந்தா கண்ணு மறைச்சிரும். அப்பறம் எவன் மாட்டையும் ஒழுங்கா பாக்க முடியாதுல்ல" என்றார்.

அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் புத்தகத்தில் இருந்திருக்கும். எங்கள் மேல் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், அவர் 'தாயைக் காட்டு மாமா'. வட்டகொடைப் பக்கம் யார் காளை வாங்கப் போனாலும் அவரைக் கூட்டிக்கொண்டுதான் போவார்கள். அவர் காளையைத் திரும்பியும் பார்க்க மாட்டார். நேராக விற்பவர் முன்னால் போய் நின்று, "தாயக் காட்டுங்க" என்பார். தாய் இல்லை, விற்றாயிற்று என்றால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டிவிடுவார். தாயின் மடி, காம்பு, கறக்கிற பாலின் அளவு எல்லாம் திருப்தியாக இருந்த பிறகே காளையின் பக்கம் போய், பின்னால் குனிந்து வெகுநேரம் எதையோ பார்ப்பார். அந்த நேரத்தில் பெண்கள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

இந்தப் பழக்கம் மாட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தன் அண்ணன் மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்திலும் பெண்ணைப் பார்க்காமல் தாயிடம் முக்கால் மணி நேரம் பேசிவிட்டு, "எனக்குப் புடிச்சிருக்கு" என்று எழுந்துவிட்டார். யாரைப் பிடித்திருக்கிறது என்பதை விளக்க அண்ணனுக்குப் பெரும் பாடாகிவிட்டது. நான் தலவாக்கலையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். அங்கே இடுப்பில் கட்ட ஒரு சாரம் வாங்க வந்த மாமா விலையைக் கேட்டுவிட்டு, "ஏன் இவ்வளவு கம்மி? என்ன குத்தம் இதுல?" என்று உரத்த குரலில் விசாரித்தார். கடையில் இருந்த மற்ற மூன்று பேரும் கையில் எடுத்த சாரங்களைக் கீழே வைத்துவிட்டார்கள். முதலாளி அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

விலை விஷயத்தில் அவருடைய சட்டம் இதுதான். "நல்ல பொலிகாளைன்னா ரெண்டு நல்ல கறவப் பசுவோட வெலை. அதுக்குக் கீழ சொன்னா ஏன்னு கேளு. அதுக்கு மேல சொன்னா தாயக் காட்டச் சொல்லு." காரணமும் வைத்திருந்தார். பசு மோசமாக அமைந்தால் ஒரு வீட்டுக்குத்தான் பால் குறையும், காளை மோசமாக அமைந்தால் லயம் முழுக்கக் குறையும் என்பார். எங்கள் மேல் லயத்துக்கு அப்படித்தான் குறைந்திருந்தது. மாமா வீடு நீங்கலாகப் பதினெட்டு வீட்டிலும் பசு உண்டு. காலையில் பால் சேர்க்கிற இடத்துக்குக் கொண்டுபோனால், கொண்டுபோகிற கேன்தான் கனமாக இருக்கும். சினை ஊசி போடுகிற ஐயாவைக் குறை சொல்ல முடியாது. எங்கள் பாதையில் அவர் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்வதற்குள் பசுவுக்கு அந்த எண்ணமே போயிருக்கும். தோட்டத்தின் கீழ்ப் பகுதியான கீழ் டிவிசனில் ஒரு காளை இருந்தது. அதன் உயரத்துக்கு எங்கள் பசுக்களைப் பள்ளத்தில் இறக்கி நிறுத்த வேண்டியிருந்தது.

அந்த வருடம் தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கையில் மாமா லயத்தைக் கூட்டினார். தோட்டத்தில் தீபாவளிக்கு முற்பணம் கொடுப்பார்கள், பிறகு மாதா மாதம் சம்பளத்தில் பிடிப்பார்கள். அந்தப் பணத்தில்தான் வருடத்துக்கு ஒரு தடவை பிள்ளைகள் புதுத்துணியைக் கண்ணால் பார்ப்பது. மாமா அந்தப் பணத்தைக் கேட்டார்.

"ஒரு தீவாளி, ஒரே ஒரு தீவாளி பழைய துணி போடுங்க. லயத்துக்குப் பொதுவா ஒரு காளை வாங்குவோம்."

என் மனைவி செல்வி கொழுந்து பறிக்கிறவள், முற்பணம் அவளுடையது. என் மகள் அந்த வருடம் ஒரு மஞ்சள் கவுனுக்கு ஆசைப்பட்டாள், அதை நான் கடையில் தனியாக எடுத்து வைத்திருந்தேன். இருந்தும், மாமா பேசியதைக் கேட்டு எனக்குள் ஏதோ புகுந்துவிட்டது. முதலில் கையைத் தூக்கியவன் நான்தான். செல்வி என் கையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அன்றிலிருந்து ஒரு வாரம் எனக்குச் சாப்பாடு வந்தது, பேச்சு வரவில்லை. ஆனாலும் ஒவ்வொரு கையாக உயர்ந்து பதினெட்டும் உயர்ந்தது.

உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு சிங்களக் குடும்பத்திடம் ஜெர்சிக் கலப்புக் காளை இருப்பதாகக் கேள்விப்பட்டு நானும் மாமாவும் போனோம். வீட்டுக்காரர் அன்பாக வரவேற்றுக் காளையைக் காட்டப் புறப்பட்டார். மாமா நகரவில்லை. தனக்குத் தெரிந்த சிங்களத்தில், "அம்மாவ பென்னன்ன மாத்தயா", அம்மாவைக் காட்டுங்கள் ஐயா, என்றார். அந்த மனிதர் சற்றுக் குழம்பினாலும் மரியாதைக்காரர். உள்ளே போய், எண்பது வயதுத் தன் தாயாரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து எங்கள் முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

நான் தரையைப் பார்த்தேன். மாமா அசரவில்லை. குனிந்து கும்பிட்டுவிட்டு அந்த அம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தார். காளையைப் பெற்ற பசுவைப் பத்து வருடமாகக் கறந்தது அந்த அம்மாள்தான் என்று தெரிந்தது. எத்தனை ஈற்று, எந்தக் காம்பில் பால் குறைவு, யாரை உதைக்கும் என்பது வரை அவர் சொல்லச் சொல்ல மாமாவின் முகம் விரிந்துகொண்டே போனது. பிறகு பசுவையும் பார்த்தார். காளையைச் சுற்றி வந்து, பல்லைப் பார்த்து, வழக்கம்போல் பின்னால் குனிந்தும் பார்த்தார்.

வீட்டுக்காரர் மூன்று லட்சம் கேட்டார். அந்தப் பக்கம் அப்போது நல்ல பசு ஒன்றே முக்கால் லட்சம் போனது. மாமாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஏன் குறைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டார். காளைக்குப் பிறந்த கிடேரிகளே இப்போது வளர்ந்து தொழுவத்தில் நிற்கின்றன, இனி அதை இங்கே வைத்திருந்தால் சொந்த மகள்களோடேயே சேர்ந்துவிடும் என்றார் அவர். "அது ஞாயம்" என்று தலையாட்டிய மாமா, அடுத்த மூச்சில் மூன்று லட்சத்துப் பத்தாயிரம் தருவதாகச் சொன்னார். நான் அவர் காலை மிதித்தேன். அவர் காலை இழுத்துக்கொண்டார். மூன்று மாதத்தில் காளை சரிப்படாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும், கூடுதல் பத்தாயிரம் அந்த வாக்குக்கு என்றார்.

லொறியில் வரும்போது பொறுக்க முடியாமல் கேட்டேன். "பத்தாயிரம் என்ன, மரத்துலயா காய்க்குது மாமா?"

"கொறச்சு வாங்கிட்டு, நாளைக்கு ஒண்ணுன்னா அந்த வீட்டு வாசல்ல போயி நிக்க எனக்கு மூஞ்சி வேணாமா?" என்றார்.

காளை வந்து இறங்கியபோது லயமே ஆலாத்தி எடுத்தது. பெண்கள் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தார்கள். மாப்பிள்ளை நன்றாகச் சாப்பிட்டார், நன்றாகத் தூங்கினார். பசுக்கள் கத்தின, கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றன. மாப்பிள்ளை முகர்ந்து பார்த்துப் பெருமூச்சு விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு வாரம் போயிற்று, இரண்டாவது வாரமும் போயிற்று. லயத்தில் சிரிப்பு நின்று முணுமுணுப்பு ஆரம்பித்தது. எங்கள் கடையில் தீபாவளிக் கூட்டம் நெருக்கித் தள்ளியது. அந்த மஞ்சள் கவுனை என் கையாலேயே பொட்டலம் கட்டி வேறு யாருக்கோ கொடுத்தேன். வீட்டுக்குப் போய் மகளின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

செல்விதான் நேருக்கு நேர் கேட்டாள். "வாக்கு வாங்கிட்டு வந்தீங்கள்ல மாமா? கொண்டுபோயி விட்டுட்டு எங்க சல்லிய வாங்கிக் குடுங்க. உங்களுக்கு என்ன போச்சு? மாடும் இல்ல, புள்ளையும் இல்ல."

சொன்ன பிறகு அவளுக்கே ஒருமாதிரியாகிவிட்டது. மாமா மூன்று நாள் காளைக்கு எதிரே பலகையைப் போட்டு உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்காம் நாள் பஸ் ஏறி உடப்புசல்லாவைக்குப் போனார். காளையைத் திருப்பத்தான் பேசப் போகிறார் என்று எல்லோரும் நினைத்தோம். அவர் போனது அந்த எண்பது வயது அம்மாளைப் பார்க்க.

திரும்பி வந்து லயத்தைக் கூட்டிச் சொன்னார். "காளை மேல குத்தமில்ல. அது பொறந்ததுலருந்து நின்னது பழைய கெழங்குத் தோட்டம், மேச மாதிரி மட்டமான எடம். இங்க எங்கயாச்சும் நாலு காலும் ஒரே மட்டத்துல நிக்க எடம் இருக்கா? சரிவுல நின்னாலே அதுக்குப் பின்னங்கால் நடுங்குது. நான் தாயப் பாத்தேன், பல்லப் பாத்தேன், நம்ம மலைய பாக்க மறந்துட்டேன். என் தப்பு."

"அப்ப திருப்பிக் குடுத்துருவோமே" என்றார் ஒருவர்.

"மாடு சரியில்லன்னாத்தான் திருப்பித் தர்றதுன்னு பேச்சு. சரியில்லாதது நம்ம எடம். அத நான் சரி பண்றேன்."

மறுநாள் காலை லயத்துக்குப் பின்னால் மானாப்புல் மண்டிய சரிவில் மம்பட்டியோடு இறங்கினார். அறுபத்தாறு வயது. ஒரு பக்கம் வெட்டி மறுபக்கம் கொட்டி, கல் அடுக்கி, மறுபடியும் வெட்டினார். மழை வந்து கொட்டிய மண்ணை இழுத்துக்கொண்டு போனது. மறுநாள் மறுபடியும் கொட்டினார். தோட்ட வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா வந்து சத்தம் போட்டுப் பார்த்தார். இவர் நிமிரவே இல்லை. அவர் போய்த் தோட்டத்தை நடத்துகிற தொரையை அழைத்து வந்தார். தொரை இளவயதுக்காரர், தமிழ் பேசுவார்.

"பெரியவர், என்ன கட்டப் போறது?"

"கல்யாண மண்டபங்க தொரை."

"யாருக்கு?"

மாமா காளையைக் கைகாட்டினார். தொரை காளையைப் பார்த்தார், சரிவைப் பார்த்தார், கண்டாக்கு ஐயாவைப் பார்த்தார். ஒரு தேயிலைச் செடி போனாலும் வேலையை நிறுத்திவிடுவேன் என்று சொல்லிவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனார்.

தீபாவளியும் வந்தது. விடிந்து எண்ணெய் தேய்த்துக் குளித்துப் பிள்ளைகள் துவைத்த பழைய துணியைப் போட்டுக்கொண்டார்கள். என் மகள் ஒன்றுமே கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலாம் என்று இருந்தது. வெளியே வந்தால், அன்றைக்கும் பின்பக்கத்திலிருந்து மம்பட்டிச் சத்தம். செல்விக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நல்ல நாளு அதுவுமா இந்த மனுசன" என்று திட்டிக்கொண்டே இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு போனாள். போனவள் ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்து எங்கள் மம்பட்டியை எடுத்தாள்.

"என்னம்மா?" என்றேன்.

"கையி ரெண்டும் கொப்புளம். துணியச் சுத்திக்கிட்டு வெட்டுது மனுசன். வாங்க, நீங்கதான மொதல்ல கையத் தூக்குனது" என்றாள்.

அவளைப் பார்த்துப் பக்கத்து வீடு வந்தது. அவர்களைப் பார்த்து மற்ற வீடுகள் வந்தன. பிள்ளைகள் கல் சுமந்தார்கள். புதுத்துணியாக இருந்திருந்தால் மண் பட்டுவிடும் என்று ஒருவரும் இறங்கியிருக்க மாட்டோம். மத்தியானம் பலகாரத் தட்டுகள் அந்த மேட்டுக்கே வந்தன. பொழுது சாய்வதற்குள் எங்கள் மலையில் பத்தடிக்குப் பதினைந்தடி மட்டமான இடம் ஒன்று உண்டாகியிருந்தது. இரண்டு நாள் கழித்து, செல்வியின் பசு கத்தியதும் மாப்பிள்ளையை அங்கே ஏற்றினார்கள். அவர் நாலு காலையும் ஊன்றிப் பார்த்தார், தரையை ஒருமுறை உதைத்துப் பார்த்தார். மற்றதைக் குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது. லயத்தில் எழுந்த சத்தத்தைக் கேட்டுக் கீழ் டிவிசன்காரர்கள் ஏதோ விபத்து என்று ஓடி வந்தார்கள்.

அடுத்த ஆவணிக்குள் பதினொரு கன்று. கேன்கள் கனத்தன. எல்லோரும் துள்ளியபோது மாமா மட்டும், "இந்தக் கிடேரிங்க வளந்து கறக்கட்டும், அப்பதான் குடுத்த வெலை சரியான்னு சொல்லலாம்" என்று கன்றுகளைச் சுற்றி வந்து பின்னால் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து வந்த தீபாவளிக்கு என் மகளுக்கு மஞ்சள் கவுன் வந்தது. அதே வாரத்தில் மேல் லயத்துக்காரர்கள் ஒவ்வொருவராக எங்கள் கடைக்கு வந்தார்கள். வந்த ஒவ்வொருவரும் பிள்ளைகளுக்கு எடுத்த பிறகு குரலைத் தாழ்த்தி, "மாமா அளவுக்கு ஒரு சட்டை எடுங்க. யாருக்கும் சொல்லிராதீங்க, நம்ம வீட்டுலருந்து மட்டும் குடுக்குறது" என்றார்கள். பதினேழு பேருக்கும் நான் சத்தியம் செய்து கொடுத்தேன். ஒரு நிறம் இன்னொன்றோடு மோதாமல் பார்த்துக்கொள்வதுதான் என்னால் முடிந்தது. பதினெட்டாவது எங்கள் வீட்டுச் சட்டை, நீலக் கட்டம் போட்டது. அதைச் செல்வியே எடுத்தாள். விலை கம்மியாக இருந்ததை ஒதுக்கிவிட்டு எடுத்தாள்.

இப்போது அவர் நாளுக்கு ஒரு சட்டை போட்டுக்கொண்டு லயத்தைச் சுற்றி வருகிறார். இன்று யார் வீட்டுச் சட்டை என்று காலையில் வாசலில் நின்று எல்லோரும் பார்ப்பதுண்டு. எங்கள் நீலக் கட்டத்தின் முறை வர பதினெட்டு நாள் ஆகிறது. மற்ற பதினேழு நாளும் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.