சந்தனம் பூசிய பட்டன்

எலக்ட்ரிக்கல் படித்தவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சிவனே என்று ஓடிக்கொண்டிருப்பதைச் சும்மா விட மாட்டோம். பிரித்து, நாலு ஒயரைச் சேர்த்து, இன்னும் நன்றாக ஓட வைக்கிறேன் என்று கிளம்புவோம். நானும் அப்படித்தான் கிளம்பினேன். கடைசியில் ஒரு ஃபேக்டரியே ஓடியது. (கேட்டுக்கு வெளியே.)

கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் அப்போது நான் மெயின்டனன்ஸ் டிரெய்னி. அந்த வருடம் டிரெய்னிகளில் ஒருவரைத்தான் பர்மனென்ட் ஆக்குவார்கள் என்று பேச்சு. அதே கம்பெனியில் பேக்கிங்கில் இருந்த என் நைனா, புதுவாயல் பஸ் ஸ்டாப்பில் நிற்கிற அத்தனை பேரிடமும், "எம் பொண்ணுக்கு இந்த தபா ஆர்டர் வந்துடும்" என்று சொல்லி வைத்திருந்தார். ஆர்டர் வராவிட்டால் நான் பஸ் ஸ்டாப்பை மாற்ற வேண்டியதுதான்.

எங்கள் கம்பெனியில் ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடு வரலாம். பிள்ளைகள் விளையாடட்டும் என்று மேனேஜர் தன் பழைய வீட்டுக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். காலேஜ் நாளில் வாங்கியதாம். மொத்தக் கம்ப்யூட்டரும் ஒரு கீபோர்டுக்குள் அடக்கம். டிவியில் சொருகி, டேப் ரிக்கார்டரில் கேசட் போட்டால், அது ஐந்து நிமிடம் கிறீச்சிட்ட பிறகு வேற்றுக்கிரகத்து ஆசாமிகள் வரிசை கட்டி இறங்குவார்கள். கீழே நம் பீரங்கி. இந்தப் பக்கம் போ, அந்தப் பக்கம் போ, சுடு. அவ்வளவுதான் ஆட்டம்.

சின்ன வயதில் சென்னைப் பொருட்காட்சியில் இதே ஆட்டத்தைப் பெரிய பெட்டியில் ஆடியிருக்கிறேன். ஒவ்வொரு குண்டுக்கும் நெஞ்சு அதிரும். அதை வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் அடக்கியபோது என்னென்னவோ விட்டுப்போயிருக்கிறது. ஆசாமிகள் இட்லி மாதிரி உப்பியிருந்தார்கள். குண்டுச் சத்தமோ வெறும் 'டிக்'. இந்த 'டிக்'கைக் கேட்டா மேனேஜர் எனக்கு ஆர்டர் கொடுப்பார்?

பழைய பேனல் பெட்டி ஒன்றில் டிவியை உட்கார வைத்தேன். பிரஸ் மெஷினுக்குப் போடும் பச்சை பட்டன்களைப் பொருத்தினேன். சுடும் பட்டனோடு ஸ்டோர்ஸில் கிடந்த ஒரு ஹாரனையும் இணைத்தேன். ஒரு அமுக்கு, ஒரு 'பாம்'! பொருட்காட்சி பிச்சை வாங்க வேண்டும்.

அந்த ஹாரன், ஃபேக்டரியில் கேஸ் கசிந்தால் அடிக்கிற ஹாரனுக்கு ஸ்பேர். ஹாரன் விடாமல் அடித்தால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு, கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடிக்கு ஓட வேண்டும். மாதாமாதம் பயிற்சி உண்டு. என் ஹாரன் விட்டு விட்டுத்தானே அடிக்கப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பூஜை அன்று காலை சூப்பர்வைசர் எத்திராஜ் அண்ணன் சந்தனக் கிண்ணத்தோடு வலம் வந்தார். பிரஸ், வெல்டிங் செட், தண்ணி கேன் எதையும் விடவில்லை. என் பெட்டிக்கும் வந்தார்.

"அண்ணே, பட்டன்ல மட்டும் வேணாம்ணே."

"இன்னாம்மா நீ! சுடுறதே அதுலதானே? அதாம்மா ஆயுதம்!"

சுடும் பட்டனுக்கு ஸ்பெஷலாக ஓர் உருண்டை அப்பிவிட்டுப் போனார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

பூஜை முடிவதற்குள் சந்தனம் பட்டன் இடுக்கில் காய்ந்து இறுகிவிட்டது. மேனேஜர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பெட்டி முன்னால் வந்து நின்றார். பின்னால் கூட்டம் பொரி தின்றபடி வேடிக்கை பார்த்தது. முன்வரிசையில் நைனாவும் அம்மாவும்.

மேனேஜர் அமுக்கினார். உள்ளே போன பட்டன் வெளியே வரவில்லை.

"பாஆஆஆஆம்!"

சத்தம் பெட்டியிலிருந்துதான் வருகிறது என்று எல்லோருக்கும் தெரியும். மாதாமாதம் ஓடிப் பழகிய கால்களுக்கு அது தெரியவில்லை. முதல் ஆளாக ஓடியவர் நைனா. பக்கத்தில் நின்ற அம்மாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"யோவ், என்ன உட்டுட்டு எங்கய்யா ஓடுற?" அம்மாவின் குரல் ஹாரனையும் மீறிக் கேட்டது.

"மரத்துக்கு வா! மரத்துக்கு வா!" என்று கத்திக்கொண்டே நைனா கேட்டைத் தாண்டினார். அவர் பின்னால் எத்திராஜ் அண்ணன், அவர் பின்னால் மேனேஜர்.

நான் மட்டும் டெஸ்டரால் பட்டனை நெம்பிக்கொண்டிருந்தேன். ப்ளக்கைப் பிடுங்கினால் போதும் என்று டிப்ளமா படித்த மூளைக்குக் கடைசியாகத்தான் உறைத்தது. ஹாரனைக் கழற்றி எடுத்துக்கொண்டு வெளியே போனபோது, மேனேஜர் மரத்தடியில் தலை எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு ஆள் குறைகிறதாம். அந்த ஆள் நான்தான்.

"இத்தினி வருஷமா டிரில் நடத்துறேன், இவ்ளோ சீக்கிரம் எல்லாரும் வந்ததே இல்ல" என்றார். எனக்கு உயிர் வந்தது. "ஆனா ஹாரன் அடிச்சும் வெளிய வராத ஆளுக்கு நான் எப்படிம்மா பர்மனென்ட் குடுக்கிறது?"

ஆர்டர் வேறொருவருக்குப் போனது. தேம்பித் தேம்பி அழுதேன். (எனக்கு அடுத்த வருடம்தான் கிடைத்தது.) ஆனால் வீட்டில் யாரும் என்னைக் கவனிக்கவில்லை, அங்கே பெரிய வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. குக்கர் விசில் அடித்தாலும், ரயில் கூவினாலும் அம்மா நைனாவைப் பார்த்து, "இன்னும் ஓடலியா? போய் மரத்தாண்ட நில்லு" என்பாள். நைனா பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார்.

மூன்று வருடம் கழித்து பெரியபாளையத்தில் எனக்குக் கல்யாணம். தாலி கட்டும் படத்தில் எல்லோரும் அட்சதை போடுகிறார்கள். அம்மாவும் வலது கையால் போடுகிறாள். இடது கை மட்டும் நைனாவின் புதுச் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருக்கிறது. ஏன் என்று கேட்டேன்.

"கெட்டி மேளம் உடாம அடிச்சிக்கினு இருந்துச்சே. இந்தாள எப்படி நம்புறது?"