மண்வெட்டிக்கு நாலடி அஸ்திவாரம்

உத்தமபாளையம்,
ஞாயிறு காலை.

அன்புள்ள மச்சான் அஷ்ரப் அவர்களுக்கு உமர் பாருக் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் கிருபையால் இங்கே நானும் ஆடும் சுகம். அங்கே அனைவரின் சுகத்தையும், உங்கள் அக்காவின் கோபம் எந்த அளவில் நிற்கிறது என்பதையும் அறிய ஆவல்.

நேற்று லத்திபா உங்கள் வீட்டிலிருந்து போன் செய்து, "கொல்லையில தனி வீடு எழுப்புறீகன்னு சொன்னாக. யாருக்கு? நான் இனி அங்கன வரல" என்று சொல்லி வைத்துவிட்டாள். அதன் பிறகு நீங்களும் போனை எடுப்பதில்லை, அதனால் இந்தக் கடிதம். மச்சான், அறுபத்து மூன்று வயதில் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அது மண்வெட்டியும் மருந்தடிக்கிற மிஷினும் வைக்க ஆறுக்கு எட்டடியில் ஒரு தகர ஷெட். அவை ஹாலில் கிடக்கின்றன என்று தினமும் திட்டியது அவள்தான். உங்கள் வீட்டுக்கு விருந்தாட வந்தவள் திரும்பி வருவதற்குள் கட்டி முடித்து அசத்தலாம் என்று நினைத்தேன்.

மண்ணை இறுக்கி, ஜல்லி பரப்பி, மூலைக்கு ஒரு ஹாலோ பிளாக் வைத்தால் போதும் என்பது என் கணக்கு. கர்ணன் கொத்தனார் வந்து பார்த்தார், வாய்க்கால் ஓரத்துக் களிமண், மழைக்கு உப்பும் வெயிலுக்கு வெடிக்கும் என்றார், சரி ஓரடி தோண்டி கான்கிரீட் தளம் போடுங்கள் என்றேன், "தோண்டுறதே தோண்டுறோம், நாளப்பின்ன மேல ஒரு மாடி எடுக்கணும்னா என்ன செய்வீக?" என்றார். மண்வெட்டிக்கு எதுக்குய்யா மாடி என்று கேட்க வாயெடுத்தேன். ஆனால் மாடியே வேண்டாம் என்று சொன்னால் நாம் முன்னுக்கு வரமாட்டோம் என்று நாமே சொன்ன மாதிரி ஆகிவிடாதா? தலையாட்டிவிட்டேன். நாலடிக் குழி, நாலு தூண், தூணுக்கு நாலு கம்பி மேலே நீட்டிக்கொண்டு. அந்தக் கம்பிகளைப் பார்த்துத்தான் எங்கள் தெருக்காரர்கள் உங்கள் கம்பம் ஊர் வரைக்கும் கதை அனுப்பியிருக்கிறார்கள்.

வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டு எட்டு நாளாயிற்று. திட்ட ஆளில்லாத வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை, மச்சான். எடுத்துச் சொல்லி அனுப்பி வையுங்கள். பெரியவர்களுக்கு சலாம், பிள்ளைகளுக்கு என் துஆ.

இப்படிக்கு,
உமர் பாருக்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் லத்திபா உங்களிடம்கூடச் சொல்லாமல் பஸ் ஏறி வந்துவிட்டாள். நேராகக் கொல்லைக்குப் போய் ஒவ்வொரு தூணையும் தட்டிப் பார்த்தாள். "இம்புட்டு நல்ல அஸ்திவாரத்துல தகரத்தையா நிறுத்துவீக? ஒரு ரூம்பு, அடுப்படி, பாத்ரூம் எடுங்க. நான் இங்கன இருந்துக்கிறேன், நீங்க அந்த மிஷினோட ஹால்ல கெடங்க" என்றாள். கர்ணன் நாளைக்கு வருகிறார். நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான், மச்சான். தனி வீடுதான் கட்டுகிறேன், உங்கள் அக்காவுக்கு.