ஒரு நாளைக்கு இருபது தடவை கதவு திறப்பது பற்றி

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. முழங்கால் வலியோடு அப்படிப் பொய் எழுத முடியவில்லை. வலிக்குக் காரணம் நீ.

கீழே புதிதாக ஒரு ஜிம் திறந்திருக்கிறார்கள். நீ போட்ட ஹிப்ஹாப் பாட்டை அங்கே ஒரு நாளைக்கு இருபது தடவை போடுகிறார்கள். முதலில் ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிரும், பிறகு சட்டென்று எல்லாம் நின்று உன் அம்மா குரல்: "என்னங்க... கதவத் தொறங்க." அவள் போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது என்று மூளைக்குத் தெரியும், காலுக்குத் தெரியவில்லையே! ஓடிப்போய்த் திறக்கிறேன், வாசலில் யாரும் இல்லை. ஒரு தடவை குளித்துக்கொண்டிருந்தவன் துண்டோடு ஓடித் திறந்தேன், எதிர்வீட்டு அம்மாள் இப்போது என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொள்கிறார். ஜிம் மாஸ்டரிடம் முறையிட்டால், "அங்கிள், அந்த எடத்துலதான் பசங்க பெரிய வெயிட்டத் தூக்குறாங்க. உங்க பையன் பெரிய டிஜே அங்கிள், செம பீட்டு!" என்கிறான்.

அது எந்த நாள் குரல் என்று அவனுக்குத் தெரியுமா? நல்ல ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு டிஜே ஆகப்போகிறேன் என்று வந்து நின்றாய். குக்கர் விசில், மின்விசிறிச் சத்தம் என்று கண்டதையும் பதிவுசெய்துகொண்டு திரிகிறவனுக்கு இப்போது முழுசாகவே முற்றிவிட்டது என்று நினைத்து, உன்னையும் உன் இசைத்தட்டுப் பெட்டியையும் வெளியே தள்ளினேன். செருப்புகூடப் போடாம போறானே என்று அவள் உன் பின்னால் ஓடிவந்தாள். நான் தாழ்ப்பாள் போட்டுவிட்டேன். முக்கால் மணி நேரம் தட்டினாள். நான் பேப்பரை விரித்துவைத்துக்கொண்டு வீம்பா உக்காந்திருந்தேன், ஒரு வரி படிக்கலை. நீ படியில நின்னு அதையும் பதிவு பண்ணியிருக்கே, படுபாவி. அன்னிக்கு மொதத் தட்டுக்கே தொறந்திருக்கணும்டா. தப்பு என்னோடதுதான். அவ அதுக்கப்புறம் அதப்பத்தி ஒரு வார்த்தை கேக்கலை, அதுதான் தாங்கலை. நீயும் அவ போனப்ப வந்து வாசலோட திரும்பிட்டே.

ஆகவே, அந்தக் குரலைப் பாட்டிலிருந்து உடனே நீக்கிவிடும்படிக் கேட்டுக்கொள்கிறேன். உன் தொழில் ஓங்கட்டும், இத்தனை சத்தத்திலும் உன் காது கடைசிவரை கேட்கட்டும்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: மேலே உள்ளதை எழுதி நாலு நாள் ஆகிறது. தபாலில் போடவில்லை, ஏனென்றால் ஜிம்மில் பாட்டை மாற்றிவிட்டார்கள். வீட்டில் ஒரு சத்தம் இல்லை. இன்று காலை இறங்கிப்போய் மாஸ்டரோடு சண்டை பிடித்துப் பழையபடி உன் பாட்டையே போடவைத்தேன். குரலை எடுத்துடாதே. நான் இப்பல்லாம் தாழ்ப்பாள் போடறதில்லை. நீ வந்தா தட்ட வேண்டாம், தள்ளினாலே போதும்.