நைனா போன்ல பூந்த வைரஸ்

"என் போன்ல வைரஸ் பூந்துடுச்சு. அதைப் புடிக்காம சோத்துல கை வைக்க மாட்டேன்!"

எங்க நைனா சகாதேவன் போட்ட சபதம். காலைச் சாப்பாடு முடிஞ்சு அஞ்சாவது நிமிசம் போட்டார்.

ஏரியில வலை போட எங்க முறை வர்ற நாளுக்குப் பாடுன்னு பேரு. ஒவ்வொரு பாடு அன்னிக்கும் நைனா நல்ல நண்டாப் பொறுக்கி, அக்கரையில இருக்கற தங்கச்சி வளர்மதி வீட்ல திருட்டுத்தனமா குடுத்துட்டு வருவார். திருட்டுத்தனம் ஏன்னா, வளர்மதி அத்தை, எங்க அம்மா வச்ச குழம்புல உப்பு ஜாஸ்தின்னு கல்யாண வீட்ல நூறு பேர் முன்னாடி சொன்னவங்க. ஆனா நைனா கரை சேர்றதுக்குள்ள அம்மாவுக்குத் தெரிஞ்சிரும். எப்படின்னுதான் புரியல. போன்ல பூந்த வைரஸ்தான் போட்டுக் குடுக்குதுன்னு நைனா முடிவு கட்டிட்டார். இந்தத் தபா அம்மா கறாரா சொல்லிட்டாங்க.

"இன்னொரு தபா மாட்டின, உன் புதுப் போன் எனக்கு. கண்ணாடி உடைஞ்ச என் போன் உனக்கு."

நைனாவுக்கு அந்தப் போன் உசிரு.

நான் பிளஸ் ஒன்ல பாதியில நின்னுட்டு, பழவேற்காட்ல போன் ரிப்பேர் கத்துக்கறேன். படிப்பு வரல, போன் வருது. கேஸ் என்கிட்ட வந்துச்சு.

"நைனா, இப்பல்லாம் வைரஸ் கடப்பாரையோட வராது. போன்லயே இருக்கற வசதியத்தான் எடுத்துக்கும். கண்ணு தெரியாதவங்களுக்குத் திரையைப் படிச்சுக் காட்ட ஒரு வசதி இருக்கு இல்ல? கல்யாணப் பத்திரிகைன்னு வாட்ஸப்ல ஒரு ஆப் வரும். திறந்தா, அனுமதிக்கவான்னு கேக்கும். அமுக்கினா போச்சு. அந்த வசதிய வச்சே உன் பாஸ்வேர்டைப் படிக்கும். உனக்குப் பதிலா அதுவே பட்டனும் அமுக்கும்."

"அடப்பாவி! நம்ம வீட்டுக் கத்தியாலயே நம்மள குத்துறானா?"

"அதேதான். நீ எதுக்கெல்லாம் அனுமதி குடுத்த?"

"கேட்டதுக்கெல்லாம் குடுத்தேன். பாவம், மரியாதையா கேட்டுச்சு."

நோண்டினேன். கை பரபரன்னுச்சு. ஒரு திருட்டு ஆப்பும் இல்ல. கடைசியா மேப்பைத் திறந்தேன். சிக்கிச்சு! போன் எங்க இருக்குன்னு இன்னொருத்தருக்குக் காட்டுற வசதி. போன புயலப்போ படகு எங்கன்னு தெரியணும்னு அம்மா கேட்டு, நைனாவே அனுமதி அமுக்கினது. புயல் போயிருச்சு. அனுமதி போகல.

"வைரஸ் பேரு குணசுந்தரி"ன்னேன்.

அம்மா பேரு அது. நைனா துள்ளிக் குதிச்சார். இடம் காட்டுறதை நிறுத்தப் போன என் கையைப் புடிச்சுக்கிட்டார்.

"வேணாம், அவளுக்குத் தெரிஞ்சிரும். பாடு அன்னிக்குப் போனையே ஆஃப் பண்ணிடறேன். எப்படி நம்ம மூளை?"

அடுத்த பாடு. மதியம் நைனா விசிலடிச்சுக்கிட்டே வந்தார். அம்மா மீன் கழுவிக்கிட்டு இருந்தாங்க. தலையைத் தூக்கல.

"இன்னாயா, போன் ஆஃப்ல இருந்துச்சு?"

"சார்ஜ் போச்சு குணா."

"காலையில ஃபுல்லா ஏத்திக் குடுத்தது யாரு?"

"பேட்டரி வீக்கு."

"வாங்கின நாள்லருந்து ஒரு நிமிசம் அணைஞ்சதில்ல. நீ தூங்குறப்பகூட பாட்டு ஓடும். இன்னிக்குன்னு பாத்து ரெண்டு மணி நேரம் அணையுது. சரி வுடு. பத்து நண்டையும் அவ ஒருத்தியே எப்படித் தின்னுவா?"

"பத்தா? எவன் சொன்னான்? ஆறுதான்!"

இப்பதான் அம்மா தலையைத் தூக்கினாங்க.

"எவனும் சொல்லல. நீதான்யா சொன்ன."

நான் சிரிச்சே செத்தேன். நைனா போனை நீட்டினார். நான் கைரேகை பதியற இடத்தைத் திறந்து குடுத்தேன், அம்மா கையைத் துடைச்சுக்கிட்டு கட்டைவிரலை வச்சாங்க. புதிய கைரேகையை அனுமதிக்கவான்னு திரை கேட்டுச்சு.

நைனாதான் அமுக்கினார். பாவம், மரியாதையா கேட்டுச்சு.